திருமலை கிருஷ்ணமாச்சாரியார்

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (நவம்பர் 18, 1888 - பெப்ரவரி 28, 1989) இந்தியாவைச் சேர்ந்த யோகக் கலை ஆசிரியரும், வடமொழி அறிஞரும், ஆயுர்வேத சிகிச்சையாளரும் ஆவார். தற்கால யோகக் கலையின் தந்தை எனப் பலராலும் குறிப்பிடப்படுபவர். இன்று உலகெங்கும் யோகக் கூடங்களில் கற்பிக்கப்படும் ஆசனப் பயிற்சிகளில் பெரும்பகுதி இவரிடமோ, இவருடைய மாணவர்களிடமோ தொடங்கியதாகும். பி. கே. எஸ். ஐயங்கார், கே. பட்டாபி ஜோய்ஸ், இந்திரா தேவி, டி. கே. வி. தேசிகாச்சார் ஆகியோர் இவருடைய மாணவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

கன்னட நாட்டில் பிறந்து மைசூரில் புகழ் பெற்ற இவர், தம் வாழ்நாளின் கடைசி 37 ஆண்டுகளைச் சென்னையில் கழித்தார். மைசூரில் இளைஞர்களுக்குக் கடுமையான ஆசனங்களைக் கற்பித்த இவர், சென்னையில் நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அவரவர் உடல்நிலைக்கு ஏற்பப் பயிற்சிகளை அமைத்துத் தந்தார். இம்மாற்றத்தை, தொடையின் பின்புறத் தசைகளை நீட்டும் முன்வளைவு ஆசனங்களில் தெளிவாகக் காணலாம்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணமாச்சாரியார் அன்றைய மைசூர் அரசின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள முசுகுந்தபுரம் என்னும் சிற்றூரில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை திருமலை சீனிவாச தாத்தாச்சாரியார் வேதம் கற்பிக்கும் ஆசிரியர், தாயார் இரங்கநாயகியம்மா. ஆறு பிள்ளைகளுள் இவரே மூத்தவர். ஐந்து வயதில் உபநயனம் ஆனபின், தந்தையிடமே வடமொழியையும், யோக சூத்திரங்களையும், சில ஆசனங்களையும் கற்கத் தொடங்கினார்.

இவருக்குப் பத்து வயதானபோது தந்தை காலமானார். குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வைணவ மடங்களுள் ஒன்றான பரகால மடத்தில் இவருடைய முன்னோர் ஒருவர் தலைவராக இருந்தார். மடத்தின் பாடசாலையில் வேதாந்தமும் தருக்கமும் பயின்றார்.

நாதமுனியும் யோக ரகசியமும்

பதினாறு வயதில் இவர் திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை சென்றார். அது நம்மாழ்வார் பிறந்த தலம். அங்கு ஒரு மாந்தோப்பில் தம்மை மறந்த நிலையில் மூன்று முனிவர்களைக் கண்டதாகவும், அவர்களுள் ஒருவரான நாதமுனி தமக்கு யோக ரகசியம் என்னும் மறைந்த நூலை ஓதியதாகவும் அவர் பின்னாளில் தம் மாணவர்களிடம் கூறினார். அந்நூலின் செய்யுள்களைத் தம் மகனுக்கு வாய்மொழியாகக் கற்பித்தார்.

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தவராக வைணவர்கள் போற்றும் நாதமுனி, கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயிலில் தோன்றியவர். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலமும் இதே மாவட்டத்தைச் சேர்ந்ததே. கிருஷ்ணமாச்சாரியாரின் குடும்பம் தம்மை நாதமுனியின் வழித்தோன்றல்கள் எனக் கருதியது. இன்று கிடைக்கும் யோக ரகசியம் பழைய நூலா, அல்லது கிருஷ்ணமாச்சாரியாரே இயற்றியதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

உயர்கல்வி

1906 ஆம் ஆண்டு காசிக்குச் சென்று சிவகுமார சாஸ்திரி என்னும் பேரறிஞரிடம் இலக்கணமும் தருக்கமும் கற்றார். 1909 இல் மைசூர் திரும்பி வேதாந்தம் பயின்றபின், 1914 இல் மீண்டும் காசிக்குச் சென்றார். குடும்பத்திடமிருந்து பண உதவி கிடைக்காத நிலையில், மாணவத் துறவிகளுக்குரிய விதிப்படி நாள்தோறும் ஏழு வீடுகளில் மட்டும் பிச்சை ஏற்று உண்டு படித்ததாகக் கூறப்படுகிறது. இந்தியத் தத்துவ மரபுகளான ஆறு தரிசனங்களிலும் தேர்ச்சி பெற்றார்.

காசியில் இவருக்கு ஆதரவாக இருந்தவர்களுள் ஒருவர் வடமொழி அறிஞர் கங்காநாத் ஜா. அவர் வழிகாட்டியதன் பேரில், இமயத்துக்கு அப்பால் வாழ்ந்த இராமமோகன பிரம்மச்சாரி என்னும் யோகியைத் தேடிச் சென்றதாகவும், கயிலை மலையின் அருகே அவருடன் ஏழரை ஆண்டுகள் தங்கி ஆசனம், மூச்சுப் பயிற்சி, நோய் நீக்கும் முறைகள் ஆகியவற்றைக் கற்றதாகவும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இக்காலப்பகுதிக்குரிய ஆண்டுக் கணக்கு வெவ்வேறு நூல்களில் வெவ்வேறாக உள்ளது. கல்வி முடிந்ததும், ஊர் திரும்பித் திருமணம் செய்து, இல்லறத்தில் இருந்தவாறே யோகம் கற்பிக்க வேண்டும் என்பதே குரு கேட்ட காணிக்கை என்பர்.

திருமணமும் வறுமையும்

1925 ஆம் ஆண்டு நாமகிரியம்மாவை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண் பிள்ளைகளும் மூன்று பெண் பிள்ளைகளும் பிறந்தனர். யோகம் கற்பிப்பவருக்கு வருவாய் இல்லாத காலம் அது. பல சாத்திரங்கள் கற்ற இவர் ஹாசன் மாவட்டத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றிக் குடும்பத்தைக் காக்க வேண்டியிருந்தது. ஓய்வு நாட்களில் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றியும் ஆசனங்களைச் செய்து காட்டியும் வந்தார். 1927 இல் ஹாசனில் நடந்த அத்தகைய நிகழ்ச்சி ஒன்றைக் கண்டே பன்னிரண்டு வயதுச் சிறுவனான பட்டாபி ஜோய்ஸ் இவருடைய மாணவரானார்.

மைசூர் யோகசாலை

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் யோகக் கலையிலும் உடற்பயிற்சியிலும் ஈடுபாடு கொண்டவர். நீரிழிவு உள்ளிட்ட நோய்களால் துன்புற்றிருந்த அவர், கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிக் கேள்வியுற்று அழைத்தார். 1931 இல் மைசூர் வடமொழிப் பாடசாலையில் கற்பிக்கும் பணி இவருக்குக் கிடைத்தது. 1933 இல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதி இவருக்கு யோகசாலையாக ஒதுக்கப்பட்டது.

அங்கு பயின்றோரில் பெரும்பாலோர் அரச குடும்பத்தையும் பாடசாலையையும் சேர்ந்த சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். ஆசனங்களை ஒன்றுடன் ஒன்று மூச்சுடன் இணைத்து, இடைவிடாத ஓட்டமாகச் செய்யும் வின்யாச முறையை இவர் அங்கு வளர்த்தெடுத்தார். மன்னரின் சார்பில் வெளியூர்களுக்குச் சென்று செய்முறை விளக்கங்கள் நடத்தினார். 1930களின் நடுப்பகுதியில் பிரான்ஸ் நாட்டு இதய மருத்துவர் தெரேஸ் பிராஸ் இந்தியாவுக்கு வந்து, யோகிகளின் இதயத் துடிப்பையும் மூச்சையும் கருவிகளால் பதிவு செய்தார்; அவர்களுள் கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர்.

1938 இல் மைசூரில் எடுக்கப்பட்ட ஓர் ஊமைப் படத்தில் கிருஷ்ணமாச்சாரியார், அவருடைய மனைவி, பிள்ளைகள், ஐயங்கார் ஆகியோர் ஆசனங்கள் செய்வதைக் காணலாம்.

ஆசிரியராக இவர் மிகக் கண்டிப்பானவர். இவருடைய கோபத்தையும் கடுமையையும் மைசூர் காலத்து மாணவர்கள் பலர் பதிவு செய்துள்ளனர்.

யோக மகரந்தம்

மன்னரின் விருப்பப்படி 1934 இல் யோக மகரந்தம் என்னும் நூலைக் கன்னடத்தில் எழுதினார். இதன் தமிழ்ப் பதிப்பு 1938 இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. ஒவ்வோர் ஆசனத்துக்கும் எத்தனை அசைவுகள், எந்த அசைவில் மூச்சை இழுப்பது, எதில் விடுவது என்பதை இந்நூல் வரிசையாகக் கூறுகிறது. 1941 இல் வெளிவந்த யோகாசனங்களு என்னும் கன்னட நூலில் ஆசனங்கள் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என மூன்று பிரிவுகளாக அட்டவணைப்படுத்தப்பட்டன.

முன்வளைவு ஆசனங்களும் தொடைப் பின்தசைகளும்

கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்த ஆசனங்களில் முன்வளைவு ஆசனங்களுக்கு முதன்மையான இடம் உண்டு. நின்று குனியும் உத்தானாசனம், கால் நீட்டி அமர்ந்து குனியும் பச்சிமோத்தானாசனம், ஒரு காலை மடித்துக் குனியும் ஜானு சீர்ஷாசனம், மல்லாந்து படுத்துக் காலை உயர்த்திக் கட்டைவிரலைப் பற்றும் சுப்த பாதாங்குஷ்டாசனம் ஆகியன இவற்றுள் அடங்கும். பச்சிமோத்தானாசனம் 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகையிலேயே இடம்பெற்றுள்ள ஆசனமாகும்.

இவை அனைத்திலும் நீட்சி அடைவது தொடையின் பின்புறத் தசைகள். விளையாட்டு வீரர்கள் இவற்றை ஹாம்ஸ்ட்ரிங் என அழைப்பர். இவை மூன்று தசைகளின் தொகுதி. நாம் அமரும்போது தரையில் படும் இடுப்பெலும்பின் முடிச்சில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே உள்ள காலெலும்புகளில் முடிகின்றன. இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டுகளைக் கடந்து செல்வதால், முழங்காலை நீட்டிய நிலையில் இடுப்பில் குனியும்போது இத்தசைகள் மிக அதிகமாக நீள வேண்டியுள்ளது. இவை இறுகியிருந்தால் இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாய இயலாது. அந்நிலையில் குனிய முயல்பவரின் கீழ்முதுகு கூடுதலாக வளைந்து சுமையைத் தாங்குகிறது.

இதே வழியாகத்தான் உடலின் மிகப் பருமனான நரம்பாகிய சியாட்டிக் நரம்பும் செல்கிறது. கீழ்முதுகிலிருந்து வெளிவரும் நரம்பு வேர்களால் ஆன இது, புட்டத்தைக் கடந்து, தொடைப் பின்தசைகளின் இடையே இறங்கி, முழங்காலின் அருகே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது. கால் அசையும்போதெல்லாம் இந்நரம்பு தன் பாதையில் சற்றே வழுக்கி நகர்கிறது. நரம்பு சிறிதளவு நீட்சியைத் தாங்கும். அளவு கூடினால் கூச்சம், எரிச்சல், மரத்துப்போதல் போன்ற உணர்வுகளைத் தரும். எனவே குனியும்போது காலின் பின்புறம் உணரப்படும் இழுப்பு தசையினுடையதாகவோ, நரம்பினுடையதாகவோ, இரண்டினுடையதாகவோ இருக்கலாம்.

ஐயங்காரின் காயம்

1934 இல் கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவியின் தம்பியான சுந்தரராஜன் மைசூருக்கு வந்தார். பின்னாளில் பி. கே. எஸ். ஐயங்கார் என உலகப் புகழ் பெற்றவர் இவரே. மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்திருந்த அப்பதினைந்து வயதுச் சிறுவனின் உடல் மிகவும் விறைப்பாக இருந்தது. தொடக்கத்தில் கிருஷ்ணமாச்சாரியார் அவருக்கு ஆசனங்கள் கற்பிப்பதில் ஆர்வம் காட்டவில்லை.

1935 அளவில் சென்னையிலிருந்து நீதிபதி ஒருவர் யோகசாலையைப் பார்வையிட வந்தார். அவர் முன்னிலையில் அனுமானாசனத்தைச் செய்து காட்டுமாறு கிருஷ்ணமாச்சாரியார் பணித்தார். ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நேராக நீட்டி, இரு கால்களும் தரையில் படியுமாறு அமரும் நிலை இது. மூத்த மாணவர்கள் தயங்கவே, பொறுப்பு ஐயங்காரிடம் வந்தது. அந்த ஆசனத்தை அவர் அதற்குமுன் செய்ததில்லை. கால்சட்டை மிக இறுக்கமாக இருப்பதால் செய்ய இயலாது எனச் சாக்குக் கூறினார். உடனே கத்தரிக்கோல் வரவழைக்கப்பட்டு, கால்சட்டை இருபுறமும் வெட்டப்பட்டது. வேறு வழியின்றி அவர் ஆசனத்தைச் செய்து முடித்தார். அதில் தொடைப் பின்தசைகள் கிழிந்து, நீண்ட காலம் சரியாக நடக்க இயலாமல் துன்புற்றதாக ஐயங்கார் தம் நினைவுகளில் கூறியுள்ளார்.

அனுமானாசனத்தில் முன்காலின் இடுப்பு முழுமையாக மடங்கியும் முழங்கால் முழுமையாக நீண்டும் இருப்பதால், பின்தசைகள் தம் நீட்சியின் எல்லைக்கே செல்கின்றன. பழகாத தசையின் மீது உடலின் எடை முழுவதும் இறங்கும்போது தசைநார்கள் கிழிகின்றன. உடல் தயாராகும் முன்னரே இறுதி நிலையை எட்டச் செய்ததே இங்கு நேர்ந்த பிழை.

ஐயங்கார் 1937 இல் குருவின் ஆணைப்படி புனே நகருக்குச் சென்று கற்பிக்கத் தொடங்கினார். மரக்கட்டை, கயிறு, வார்ப்பட்டை, நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு, விறைப்பான உடலுடையோரும் காயமின்றி ஆசனம் செய்யும் முறையை அவர் பின்னாளில் உருவாக்கினார்.

பெண்களுக்கும் வெளிநாட்டவர்க்கும் கற்பித்தல்

1937 இல் இரசியப் பேரரசில் பிறந்த நடிகையான இந்திரா தேவி தம்மை மாணவியாக ஏற்குமாறு கேட்டபோது, பெண், வெளிநாட்டவர் என்னும் காரணங்களால் கிருஷ்ணமாச்சாரியார் மறுத்தார். மன்னரின் தலையீட்டால் பின்னர் ஏற்றுக்கொண்டார். உணவுக் கட்டுப்பாடு உள்ளிட்ட எல்லாக் கடுமையான விதிகளையும் அவர் தாங்கியதைக் கண்டபின், கற்பிக்கும் பணியையும் மேற்கொள்ளுமாறு தாமே பணித்தார். இந்திரா தேவி ஷாங்காய் நகரிலும், 1947 முதல் அமெரிக்காவின் ஹாலிவுட்டிலும் யோகம் கற்பித்தார். பிற்காலத்தில் கிருஷ்ணமாச்சாரியார் பெண்களுக்கு வேதம் ஓதவும் கற்பித்தார். வைதிக மரபில் அது அக்காலத்தில் அரிதான செயலாகும்.

யோகசாலை மூடப்படுதல்

1940 இல் மன்னர் காலமானார். அடுத்து வந்த ஜயசாமராஜ உடையார் காலத்தில் ஆதரவு குறைந்தது. நாடு விடுதலை பெற்று மன்னராட்சி முடிந்தபின், மைசூர் மாநில முதலமைச்சர் கே. சி. ரெட்டியின் அரசு யோகசாலையை மூட முடிவு செய்தது. 1950 இல் அது மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்த நிலையில் கிருஷ்ணமாச்சாரியார் மீண்டும் வேலை தேட வேண்டியவரானார். சில காலம் பெங்களூரில் கற்பித்தார்.

சென்னை வாழ்க்கை

1952 இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற சட்ட வல்லுநருக்குச் சிகிச்சை அளிக்கச் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அதன்பின் சென்னையிலேயே தங்கிவிட்டார். மயிலாப்பூரில் உள்ள விவேகானந்தா கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். வீட்டிலும் பிறர் இல்லங்களிலும் தனிப்பட்ட முறையில் கற்பித்தார்.

மைசூரில் போலச் சுறுசுறுப்பான சிறுவர்கள் இங்கு வரவில்லை. முதுகுவலி, ஆஸ்துமா, நீரிழிவு, தூக்கமின்மை போன்ற குறைகளுடன் நடுவயதினரும் முதியவர்களும் வந்தனர். கிருஷ்ணமாச்சாரியார் முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார். உணவு, தொழில், உறக்கம், மூச்சு ஆகியவற்றைப் பற்றி வினவுவார். அதன் பிறகே அவருக்கெனத் தனியாக ஒரு பயிற்சியை அமைப்பார். ஒருவருக்குக் கொடுத்ததை அப்படியே மற்றவருக்குக் கொடுப்பதில்லை.

இவருடைய மகன் தேசிகாச்சார் பொறியியல் பட்டம் பெற்று வேலைக்குச் செல்லவிருந்த நிலையில், ஒருநாள் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் வீட்டு வாசலில் வந்து தம் தந்தையை மகிழ்ச்சியுடன் தழுவிக் கொண்டதைக் கண்டு திகைத்தார். நெடுநாள் தூக்கமின்றித் தவித்த அப்பெண் அன்றுதான் மருந்தின்றி உறங்கியதாக அறிந்ததும், தந்தை செய்துவரும் பணி என்னவென்று அவருக்கு விளங்கியது. 1961 இல் பொறியியல் பணியைக் கைவிட்டுத் தந்தையின் மாணவரானார். 1976 இல் தேசிகாச்சார் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார்.

முன்வளைவில் ஏற்பட்ட மாற்றம்

சென்னைக் காலத்தில் கிருஷ்ணமாச்சாரியார் முன்வளைவு ஆசனங்களைக் கற்பித்த முறையைத் தேசிகாச்சார், சிறீவத்ச இராமசாமி, ஏ. ஜி. மோகன் ஆகிய மாணவர்களின் நூல்களிலிருந்து அறியலாம். அம்முறையின் கூறுகள் பின்வருமாறு:

* குனியும்போது முழங்காலைச் சற்று மடக்கிக் கொள்ளலாம். விரல் தரையைத் தொடுவது இலக்கு அன்று. முதுகெலும்பின் நீட்சியும் மூச்சின் சீரான ஓட்டமுமே இலக்கு.
* ஆசனத்தில் நிலைத்திருக்கும் முன், மூச்சை விட்டுக்கொண்டே குனிவதும் இழுத்துக்கொண்டே நிமிர்வதுமாகப் பலமுறை மெதுவாக அசைய வேண்டும்.
* அமர்ந்து குனிய இயலாதவர் மல்லாந்து படுத்து, மடக்கிய கால்களை மேல்நோக்கி மெதுவாக நீட்டலாம். இதில் முதுகின் மீது சுமை இல்லை.
* மூச்சு தடைபட்டாலோ நடுங்கினாலோ பயிற்சி அளவு மீறிவிட்டது எனக் கொள்ள வேண்டும்.
* ஆழ்ந்த முன்வளைவுக்குப் பின், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் துவிபாத பீடம் போன்ற எதிர் ஆசனத்தைச் செய்ய வேண்டும்.

ஆசிரியரின் மனம் மாறியதால் மட்டுமே இம்மாற்றம் நிகழ்ந்தது எனக் கூறிவிட முடியாது. வளரும் பருவத்தினருக்கு உடலை வளர்க்கும் முறை, இல்லறத்தாருக்கு நலத்தைக் காக்கும் முறை, முதியோருக்கு அகத்தை நோக்கும் முறை என மூன்று படிகளை அவர் வகுத்திருந்தார். அவ்வாறு பார்த்தால், மைசூரில் சிறுவர்க்கு ஒன்றும் சென்னையில் முதியோர்க்கு வேறொன்றும் கற்பித்தது ஒரே கொள்கையின் இரு பயன்பாடுகளே. ஆயினும், ஐயங்காருக்கு நேர்ந்த காயம் போன்றவை அக்கொள்கை மைசூரில் எப்போதும் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதைக் காட்டுகின்றன.

இன்றைய இயன்முறை மருத்துவத்துடன் ஒப்பீடு

தசையை நீட்டினால் அதன் நீளம் கூடுகிறது என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. 1994 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாண்டி, ஐரியன் ஆகியோர் ஆறு வாரங்கள் நடத்திய ஆய்வில், தொடைப் பின்தசையை 15 விநாடி நீட்டுவதைவிட 30 விநாடி நீட்டுவது கூடுதல் பயன் தந்தது. 60 விநாடி நீட்டுவதால் அதற்கு மேல் பயன் இல்லை. 2010 இல் வெப்லர், மாக்னுசன் ஆகியோர் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து, சில வாரப் பயிற்சியால் வளைவுத்திறன் கூடுவதற்குத் தசை நீள்வதைவிட, இழுப்பைத் தாங்கும் உணர்வெல்லை மாறுவதே முதன்மைக் காரணம் என விளக்கினர். அதாவது, தசையைப் போலவே நரம்பு மண்டலமும் பழக வேண்டியுள்ளது.

நரம்பை அதன் பாதையில் நகரச் செய்யும் பயிற்சிகளை ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்கள் 1970களிலிருந்து வளர்த்தெடுத்தனர். ஜெப்ரி மெய்ட்லண்ட் வகுத்த குனிந்தமர்வுச் சோதனை இதில் முக்கியமானது. அமர்ந்து முதுகைக் கூனி, தலையைக் குனிந்து, ஒரு முழங்காலை நீட்டிப் பாதத்தைத் தன்பக்கம் மடக்க வேண்டும். காலின் பின்புறம் இழுப்பு உண்டாகும். அப்போது தலையை மட்டும் நிமிர்த்தினால் இழுப்பு குறைகிறதா எனப் பார்க்க வேண்டும். தொடைத் தசை கழுத்து வரை செல்லவில்லை. நரம்பு மண்டலமோ தலை முதல் பாதம் வரை தொடர்ச்சியானது. எனவே தலையசைவால் இழுப்பு குறைந்தால் அதில் நரம்புக்குப் பங்கு உண்டு எனக் கொள்வர். டேவிட் பட்லர் 1991 இல் வெளியிட்ட நூல் இம்முறைகளைப் பரவலாக அறியச் செய்தது.

இப்பயிற்சிகள் இரு வகைப்படும். முழங்காலை நீட்டும்போது தலையை நிமிர்த்தியும், மடக்கும்போது தலையைக் குனிந்தும் செய்வது வழுக்கு முறை. இதில் நரம்பின் ஒரு முனை இறுகும்போது மறுமுனை தளர்வதால் நரம்பு அதிக இழுப்பின்றி நகர்கிறது. இரு முனைகளையும் ஒருசேர இறுக்குவது இழுவை முறை. இது நரம்பு உறுத்தலுள்ள நிலையில் வலியைக் கூட்டக்கூடும். 2014 இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் தொடைப் பின்தசை இறுகிய 120 பேரிடம் நடத்திய ஆய்வில், தசை நீட்சிப் பயிற்சியைவிட வழுக்கு முறை உடனடியாகக் கூடுதல் வளைவுத்திறனைத் தந்தது. அப்பயன் நீண்ட காலம் நிலைப்பதை இந்த ஆய்வு அளவிடவில்லை.

கிருஷ்ணமாச்சாரியாரின் சென்னை முறைக்கும் இவற்றுக்கும் ஒற்றுமை தென்படுகிறது. மெதுவாகப் பலமுறை அசைதல், முழங்காலைத் தளர்த்துதல், வலிக்கு முன்பே நிறுத்துதல் ஆகியன இரண்டிலும் உள்ளன. வேறுபாடும் உண்டு. பச்சிமோத்தானாசனத்தில் முழங்காலை நீட்டி, தலையையும் தாழ்த்துவதால் அது நரம்பின் இரு முனைகளையும் இறுக்கும் நிலையாகும். எனவே சியாட்டிக் வலி உள்ளோருக்கு அது ஏற்றதன்று. முழங்காலுக்குக் கீழே பரவும் வலி, மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியன உள்ளவர்கள் மருத்துவரை அணுகிய பின்னரே எத்தகைய நீட்சிப் பயிற்சியையும் தொடங்க வேண்டும்.

யோக நூல்கள் கூறும் நாடி என்பது மருத்துவம் கூறும் நரம்பு அன்று. கிருஷ்ணமாச்சாரியார் தம் முறைகளைப் பிராணன், நாடி, ஆயுர்வேதத் தோடங்கள் ஆகியவற்றின் வழியே விளக்கினார். நரம்பு வழுக்குப் பயிற்சியை அவர் கண்டறிந்தார் எனக் கூறுவது பொருந்தாது. உடலைக் கூர்ந்து நோக்கியதன் மூலம் அதையொத்த நடைமுறைக்கு வந்து சேர்ந்தார் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

முதுமையும் மறைவும்

தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் கிருஷ்ணமாச்சாரியார் நாள்தோறும் பயிற்சி செய்தும் கற்பித்தும் வந்தார். 96 ஆம் வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு அவர் உடன்படவில்லை. படுக்கையில் இருந்தவாறே செய்யக்கூடிய அசைவுகளையும் மூச்சுப் பயிற்சிகளையும் தமக்குத் தாமே அமைத்துக் கொண்டார். பிறருடைய உடலுக்கு ஏற்பப் பயிற்சியை அமைத்தவர், அதே முறையைத் தம் உடைந்த உடலிலும் கையாண்டார். எனினும் இது தனியொருவரின் அனுபவமே. முதியோரின் இடுப்பெலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் விரைவான அறுவை சிகிச்சையையே இன்றைய மருத்துவம் பரிந்துரைக்கிறது.

1988 இல் இவருடைய நூற்றாண்டு விழா சென்னையில் கொண்டாடப்பட்டது. 1989 பெப்ரவரி 28 அன்று தம் நூறாவது வயதில் சென்னையில் காலமானார். அவர் ஒருமுறையேனும் கடல் கடந்து சென்றதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆய்வுகளும் விமர்சனங்களும்

நார்மன் சோமன் 1996 இல் வெளியிட்ட மைசூர் அரண்மனை யோக மரபு பற்றிய நூலிலும், மார்க் சிங்கிள்டன் 2010 இல் வெளியிட்ட நூலிலும், கிருஷ்ணமாச்சாரியாரின் மைசூர் முறையில் இந்திய மல்யுத்தப் பயிற்சி, மேலைநாட்டு உடற்பயிற்சி ஆகியவற்றின் தாக்கம் உண்டு எனக் காட்டப்பட்டுள்ளது. வின்யாச முறைக்கு மூலமாக அவர் குறிப்பிட்ட யோக குருண்டம் என்னும் நூலின் படி எதுவும் இன்று கிடைக்கவில்லை. அவர் பழைய மரபைக் காத்தவரா, புதிய மரபைத் தோற்றுவித்தவரா என்னும் விவாதம் தொடர்கிறது. மாணவர்களைக் கடுமையாக நடத்தியதும் விமர்சிக்கப்படுகிறது.

குறிப்பிடத்தக்க மாணவர்கள்

* கே. பட்டாபி ஜோய்ஸ் (1915 - 2009): மைசூரில் அஷ்டாங்க வின்யாச யோகத்தைப் பரப்பியவர். மைசூர் கால முறையின் வேகமும் கடுமையும் இதில் தொடர்ந்தன.
* இந்திரா தேவி (1899 - 2002): மேலைநாடுகளில் யோகத்தைப் பரப்பிய முன்னோடி. அர்ஜென்டினாவில் காலமானார்.
* பி. கே. எஸ். ஐயங்கார் (1918 - 2014): 1966 இல் வெளிவந்த யோக விளக்க நூலின் ஆசிரியர். ஐயங்கார் யோக முறையை உருவாக்கியவர்.
* டி. கே. வி. தேசிகாச்சார் (1938 - 2016): மகனும் மாணவரும் ஆவார். தனிநபர்க்கு ஏற்ற யோக முறையை உலகுக்கு எடுத்துச் சென்றவர். 1995 இல் வெளிவந்த இவருடைய நூல் தந்தையின் சென்னைக் கால முறையை விளக்குகிறது.
* சிறீவத்ச இராமசாமி: சென்னையில் பல ஆண்டுகள் பயின்று, பின்னர் அமெரிக்காவில் கற்பித்தவர்.
* ஏ. ஜி. மோகன்: 2010 இல் கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையையும் போதனைகளையும் பற்றிய நூலை வெளியிட்டவர்.

எழுதிய நூல்கள்

* யோக மகரந்தம் (கன்னடம், 1934; தமிழ்ப் பதிப்பு, 1938)
* யோகாசனங்களு (கன்னடம், 1941)
* யோகாஞ்சலி சாரம் (வடமொழிச் செய்யுள்)
* யோக ரகசியம் (வடமொழி, நாதமுனி அருளியதாக வாய்மொழியாகக் கற்பித்தது, மறைவுக்குப் பின் அச்சானது)